விட்டத்தைப் பார்த்தவன்

தம்பி ஏன் மேலே பார்த்தான் என்பது எனக்குப் புரியவே இல்லை.

திரையில் ஒரு மரக்கோட்டை. அதன் மூலையில் சுவருக்கு முகம் காட்டி நிற்கிறான். நாம் பார்ப்பது அவன் கண் வழியாக, அதனால் தெரிவது சுவர் மட்டும்தான். பலகை, ஆணி, பலகைக்கு நடுவில் ஒரு கீறல். நெடுநேரம் அப்படியே இருக்கிறது. பிறகு பார்வை மெல்ல மேலே ஏறுகிறது. கூரையைத் தாங்கும் விட்டம் தெரிகிறது. உடனே கீழே இறங்குகிறது. மறுபடி சுவர். எட்டு நிமிடமோ ஒன்பது நிமிடமோ கழித்து மறுபடி விட்டம். விடியும்வரை இப்படியே.

அந்த விடியலில்தான் அவன் மேசையில் கவிழ்ந்து இறந்து கிடந்ததைக் கண்டுபிடித்தார்கள். சுற்றிலும் அறுபது பேர் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

அவன் பல்கலைக்கழகத்தில் கணினி விளையாட்டுக் கழகம் ஒன்று உண்டு. மாணவர்கள் நடத்துவது. மாதம் ஒருமுறை, வார இறுதியில், ஆளாளுக்குத் தங்கள் கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து ஒரே கூடத்தில் அடுக்கி இரவு முழுவதும் விளையாடுவார்கள். வீட்டிலிருந்தே இணையத்தில் விளையாடலாமே, எதற்கு இந்தச் சுமை என்று தம்பியிடம் கேட்டிருக்கிறேன். "தாமதம்க்கா" என்றான். இணையத்தில் நாம் சுட்டால் அந்தச் செய்தி ஊரெல்லாம் சுற்றி எதிராளிக்குப் போய்ச் சேர வேண்டும். கூடத்தில் எல்லாக் கணினிகளும் ஒரே பெட்டியில் கேபிளால் இணைந்திருக்கும். சுட்டதும் படும். தோற்றால் இணையத்தைத் திட்ட முடியாது, தன்னைத்தான் திட்டிக்கொள்ள வேண்டும். "அதோட, தோத்தவன் மூஞ்சியை நேர்ல பாக்கலாம்ல" என்று சிரித்தான்.

அவனுக்குச் சிறுவயதிலிருந்தே சர்க்கரை நோய். ஊசி போட்டுக்கொண்டால் சாப்பிட்டே ஆக வேண்டும். சாப்பிடாவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிக்கொண்டே போகும். வியர்க்கும், கை நடுங்கும், பிறகு தூக்கம் போல ஒன்று வரும். அது தூக்கம் இல்லை. அன்று சாப்பாடு வருகிறது என்று சொன்னதும் ஊசி போட்டிருக்கிறான். சாப்பாடு தாமதமாக வந்தது. வந்த நேரத்தில் ஆட்டம் சூடுபிடித்திருந்தது. அவன் பொட்டலம் பிரிக்கப்படாமல் மேசைக்கு அடியில் கிடந்தது.

பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர், மயங்கியபின் சில மணி நேரம் உயிர் இருந்திருக்கும், எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது என்றார். பல்கலைக்கழகம் போட்ட விசாரணைக் குழு விளையாட்டின் பதிவைப் பார்த்தது. அதிகாலைவரை அவன் அசைந்திருக்கிறான், ஆகவே விடியும் தறுவாயில் திடீரென்று நடந்திருக்கிறது, யாரும் எதுவும் செய்திருக்க முடியாது என்று முடித்தது. பதிவின் பிரதியை எங்களுக்கும் கொடுத்தார்கள்.

அம்மா அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள்.

"பாரு, மேல பாக்கறான் பாரு. யாரையோ கூப்பிடறான்டி."

"அது பொம்மைம்மா. அதுக்கு வாய் கிடையாது."

"அதனாலதான் பாக்கறான். வாய் இருந்தா கத்தியிருப்பானே."

பதிவை மறுபடி ஓட விட்டேன்.

நான் மின்ரயில் ஓட்டுகிறேன். ஒரு பொருள் அசைந்தால் எது அதை அசைத்தது என்று தேடுவது எனக்குப் பழக்கம். தம்பியின் கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, அதே விளையாட்டைத் திறந்து சோதித்தேன். மவுஸை முன்னால் தள்ளினால் பார்வை மேலே போகும், பின்னால் இழுத்தால் இறங்கும். மேசையை உதைத்தேன், திரை லேசாகத் துடித்தது, விட்டம் வரை ஏறவில்லை. மின்விசிறியை நேராகத் திருப்பி வைத்தேன். கேபிளை முறுக்கி விட்டேன். தானாக ஏறி, தானாக அதே இடத்துக்கு இறங்கும் அசைவு ஒரு தடவைகூட வரவில்லை. அதைச் செய்ய விரல் வேண்டும்.

அப்படியானால் அம்மா சொல்வதுதான் சரியா? விடியும்வரை அவனுக்கு நினைவு இருந்ததா? எழுந்திருக்க முடியாமல், பேச முடியாமல், விரலை மட்டும் அசைத்துக்கொண்டு? அதன்பின் சில வாரங்களுக்கு நானும் சரியாகத் தூங்கவில்லை.

ஆறேழு மாதம் கழித்துக் கழகத்தின் தலைவர் வீட்டுக்கு வந்தாள். கணினிப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் பெண். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வராமல் நின்றாள்.

"அக்கா, அனுமதி திரும்பக் குடுத்துட்டாங்க. மறுபடி நடத்தப் போறோம். உங்ககிட்ட சொல்லாம நடத்த மனசு வரல."

"என்ன மாத்தியிருக்கீங்க?"

"முதலுதவிப் பெட்டி வச்சிருக்கோம். பழச்சாறு பாட்டில் வச்சிருக்கோம். உடம்புக்கு ஏதாவது இருந்தா முன்னாடியே சொல்லிடணும்னு விதி."

"அவனுக்கு இருக்கிறது எல்லாருக்கும் தெரியுமே."

அவள் தலைகுனிந்தாள். "தெரியும்க்கா."

"நான் வரலாமா? வேடிக்கை பாக்க இல்ல. விளையாட. அவன் உட்கார்ந்த இடத்துல."

என் வேலை முடிந்த ஒரு சனிக்கிழமை, தம்பியின் கணினியைப் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன்.

கூடத்தில் ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடியிருந்தார்கள். நீள மேசைகள், வரிசைக்குப் பத்துப் பேர். கேபிள்கள் காலில் சிக்காமல் தரையோடு ஒட்டுநாடா போட்டு ஒட்டப்பட்டிருந்தன. மேசை ஒவ்வொன்றுக்கும் தனி மின்கம்பி. சுவரில் 'கெட்டில் வைப்பவன் கழகத்தின் எதிரி' என்று எழுதி ஒட்டியிருந்தது. கெட்டில் என்றால் அப்படி என்ன கோபம் என்று கேட்டேன். ஒரு கெட்டில் தண்ணீர் கொதிக்கும்போது ஐந்தாறு கணினிகளின் மின்சாரத்தை ஒரேயடியாக இழுக்கும், ஃபியூஸ் போய் வரிசையே இருண்டுவிடும் என்றாள் தலைவர். எனக்கு அந்த விளக்கம் பிடித்திருந்தது. துக்கத்திலும் ஒன்று எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால் என் காது தானாகத் திறந்துகொள்ளும்.

பக்கத்து நாற்காலியில் உயரமாக, ஒல்லியாக ஒரு பையன். எல்லாரும் அவனைக் கொக்கு என்றார்கள். தம்பிக்கு இங்கே நத்தை என்று பெயராம்; அவசரப்படாமல் மூலையில் பதுங்கி விளையாடுவானாம். அன்றிரவும் அவன் பக்கத்தில் இருந்தது கொக்குதான். என்னைக் கண்டதும் எழுந்து நின்று, கணினியை என் கையிலிருந்து வாங்கிக் கேபிள்களைப் பொருத்தினான். என் ஹெட்போனைத் துடைத்துக் கொடுத்தான்.

"அக்கா, இந்த நாலு பட்டன்ல நடக்கணும். மவுஸ்ல பாக்கணும். கோட்டைக்குள்ள யாரும் வராம பாத்துக்கணும், அவ்ளோதான்."

நடந்தேன். ஒரு சுவரில் முட்டினேன், ஒரு பள்ளத்தில் விழுந்தேன், பிறகு எதிரிகள் கூட்டத்துக்கு நடுவில் போய் நின்றேன்.

"ரயில் ஓட்டுறவங்கன்னு நல்லாத் தெரியுதுக்கா. திரும்பவே மாட்டேங்கறீங்க" என்றான். வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

"சும்மா நின்னா என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"பத்து நிமிஷம் அசையலன்னா, ஆட்டத்தை நடத்துற சர்வர் கம்ப்யூட்டர் வெளிய தள்ளிடும். ராத்திரி பூரா சேத்த புள்ளி எல்லாம் போயிடும். வெளிய ஆளுங்க இடத்துக்குக் காத்திருக்காங்கல்ல, அதனால."

எங்கள் வண்டியிலும் இது உண்டு. ஓட்டுநர் சிறிது நேரம் எந்தக் கருவியையும் தொடாவிட்டால் முதலில் ஒரு விளக்கு எரியும். ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் மணி அடிக்கும். அதற்கும் அழுத்தாவிட்டால் வண்டி தானாக பிரேக் போட்டு நின்றுவிடும். ஓட்டுநர் செத்துப்போனாலும் பயணிகள் பிழைப்பதற்கான ஏற்பாடு. ஆனால் அதில் ஒரு ஓட்டை இருக்கிறது, ஓட்டுநர்கள் எல்லாருக்கும் தெரியும். பழகிய கை தூக்கத்திலேயே அந்தப் பொத்தானை அழுத்தும். கண் மூடியிருக்கும், நினைவு இருக்காது, விளக்கு எரிந்ததும் கை மட்டும் போகும்.

அப்படியானால் தம்பியும் அதைத்தான் செய்திருக்கிறான். இந்த ஆட்டத்திலும் ஹெட்போனில் ஏதோ ஓர் எச்சரிக்கை மணி அடித்திருக்கும்; அது கேட்கக் கேட்க, நினைவு போன பிறகும், விரல் மவுஸைத் தள்ளியிருக்கிறது. விடியும்வரை அவன் பதில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறான். அவனைச் சுற்றி இருந்தவர்களுக்கல்ல, ஓர் இயந்திரத்துக்கு.

விடை கிடைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். இதை அம்மாவிடம் எந்த வாயால் சொல்வது என்று யோசித்தபடியே கோட்டை மூலைக்குப் போய் நின்றேன். பகல் முழுவதும் வண்டி ஓட்டிய அலுப்பு. கையை மடித்து மேசையில் வைத்து, அதன்மேல் தலையைச் சாய்த்தேன்.

ஏதோ ஒரு உணர்வில் விழித்தேன். தலையைத் தூக்கவில்லை. திரை வெளிச்சத்தில் என் மவுஸ் கண்ணுக்கு நேராக இருந்தது. வலதுபக்கத்திலிருந்து ஒரு கை நீண்டது. இரண்டு விரல்கள் மவுஸின் பின்புறத்தைத் தொட்டு, குழந்தையின் பொம்மைக் காரைத் தள்ளுவதுபோல முன்னால் தள்ளின. பின்னால் இழுத்தன. பக்கவாட்டில் தள்ளினால் தூங்குகிறவரின் கையில் இடிக்கும், அதனால்தான் முன்னும் பின்னும். கை போய்விட்டது.

கண்ணை மட்டும் உயர்த்தித் திரையைப் பார்த்தேன். விட்டம் மறைந்து சுவர் வந்து நின்றது. பலகை, ஆணி.

நான் அசையவில்லை. மூச்சைக்கூட மெதுவாக விட்டேன். அது தெரியாத்தனமாக நடந்திருக்கலாம், ஒருமுறை நடந்ததை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். சுவரைப் பார்த்தபடி காத்திருந்தேன். மறுபடி அந்தக் கை வந்தது. இந்தமுறை பிடித்துக்கொண்டேன்.

கொக்கு திடுக்கிட்டுத் திரும்பினான். அதுவரை அவன் என் பக்கம் பார்க்கவே இல்லை.

"அய்யோ, எழுப்பிட்டேனா? மன்னிச்சுக்கங்கக்கா. உங்க பேரு மங்க ஆரம்பிச்சுது, அதான் தட்டி விட்டேன்."

"எங்க மங்குச்சு?"

"இங்க, என் திரையில." மூலையில் அணியினர் பெயர்கள் வரிசையாக இருந்தன. "எட்டு நிமிஷம் அசையலன்னா பேரு மங்கும். பக்கத்துல இருக்கறவங்க தட்டி விட்டுடுவோம். யாராவது தூங்கினா, பாத்ரூம் போனா... இங்க எல்லாரும் பண்றதுதான். ஒரு மரியாதைக்கா."

நான் அவன் கையை விடவில்லை. அவன் என் முகத்தைப் பார்த்தான். அவன் முகம் வெளுத்தது.

"அவனுக்கும் தட்டி விட்டியா?"

அவன் தலையை மட்டும் அசைத்தான்.

"எவ்ளோ நேரம்?"

"விடியற வரைக்கும்." குரல் ஹெட்போன் சத்தத்துக்குள் மூழ்கியது. "தூங்கறான்னு நெனச்சேன். நத்தை எப்பவும் தூங்குவான்க்கா. தொப்பியை இழுத்து விட்டுக்கிட்டு."

"அவன் முகத்தைப் பாக்கலையா?"

"பாக்கவே வேண்டாம்க்கா. பேரு மங்கும், கை நீட்டுவேன். ஆட்டத்துல இருந்து கண்ணை எடுக்கவே வேண்டாம்."

"கை பட்டிருக்குமே. சில்லுன்னு இருந்திருக்குமே."

"படாமத்தான் தள்ளுவோம்." அவன் அழத் தொடங்கினான். "எழுப்பிடக் கூடாதுல்ல."

எனக்கு அவனை அடிக்க வேண்டும்போல இருந்தது. கையை விட்டுவிட்டேன்.

"விசாரணையில ஏன் சொல்லல?"

"என்கிட்ட, அவன் ஆட்டத்துல இருந்தானான்னு கேட்டாங்க. இருந்தான்னு சொன்னேன். விடியற வரைக்கும் அசைஞ்சிருக்கான்னு அவங்க சொன்னப்பதான் எனக்கு உறைச்சுது. அதுக்கப்புறம் வாயைத் திறக்க முடியல."

எழுந்து தலைவரின் மேசைக்குப் போனேன். அவளிடம் கேட்க ஒரே ஒரு கேள்வி இருந்தது. "பத்து நிமிஷம் ஆகி ஒருத்தரை சர்வர் வெளிய தள்ளிட்டா, அடுத்து என்ன செய்வீங்க?"

அவள் தன் திரையைக் காட்டினாள். "இங்க பேரு சிவப்பாகும்க்கா. தன்னார்வலர் ஒருத்தர் அந்த இடத்துக்குப் போவாங்க. அந்தக் கணினியைக் கேபிள்ல இருந்து கழட்டி, அடுத்த ஆளுக்கு இடம் குடுக்கணுமே. தூங்கறவங்களை உலுக்கி எழுப்பி..."

அங்கே நிறுத்திவிட்டாள். பின்னால் வந்து நின்ற கொக்குவைப் பார்த்தாள். அவன் அழுது வீங்கிய முகத்தோடு இரண்டு விரல்களைக் காற்றில் முன்னால் தள்ளிக் காட்டினான். அவளும் அதைப் பலருக்குச் செய்திருப்பாள். விளக்க வேண்டியிருக்கவில்லை.

உலுக்கியிருப்பார்கள். முன்னிரவிலேயே, அவன் அசையாமல் போன பத்தாவது நிமிடத்திலேயே, யாரோ ஒருவர் வந்து தோளைப் பிடித்து உலுக்கியிருப்பார். எழுந்திருக்காவிட்டால் கத்தியிருப்பார். அவனுக்கு நோய் இருப்பது எல்லாருக்கும் தெரியும். சட்டைப் பையில் சர்க்கரை மிட்டாய் இருந்தது. சாலைக்கு எதிர்ப்பக்கம் மருத்துவமனை. இயந்திரம் தன் வேலையைச் சரியாகத்தான் செய்யப் பார்த்தது. ஒவ்வொரு முறையும் ஒருவன் பக்கத்திலிருந்து, நல்ல மனதோடு, அதன் வாயைப் பொத்தியிருக்கிறான்.

காலையில் வீட்டுக்குப் போனபோது அம்மா கதவருகிலேயே இருந்தாள்.

"என்னடி?"

"அவன் மேல பாக்கலம்மா. பக்கத்துல இருந்த பையன் மவுஸைத் தள்ளியிருக்கான். ஆட்டத்துல இருந்து வெளிய தள்ளிடக் கூடாதுன்னு."

"அப்போ இவன்?"

"முன்னாடியே மயங்கிட்டான்."

"கூப்பிடலையா?"

"கூப்பிடல."

"அந்தப் பையன் விடியற வரைக்கும் பக்கத்துலயேவா இருந்தான்?"

"ஆமாம்மா."

"பக்கத்துலயே" என்று மறுபடி சொன்னாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்தப் பதிவைப் போடச் சொன்னதில்லை. கொக்கு ஒருநாள் வந்து வாசலில் நின்றபோது அவள் வெளியே வரவில்லை. விசாரணைக் குழுவிடம் தலைவரோடு போய் நடந்ததைச் சொல்லிவிட்டதாக என்னிடம் சொல்லிவிட்டுப் போனான். கழகத்தை மறுபடி மூடினார்கள். நான்தான் பல்கலைக்கழகத்தில் போய்ப் பேசினேன். மூடினால் வேறு எங்காவது கூடுவார்கள், அங்கேயும் இதே மரியாதை தொடரும் என்றேன்.

மவுஸைத் தொடக் கூடாது என்று வெறுமனே ஒரு விதி போட்டால் நிற்காது என்று எனக்குத் தெரியும். எங்கள் பணிமனையில் பொத்தானை மற்றவருக்காக அழுத்தாதே என்று நோட்டீஸ் ஒட்டிப் பார்த்தார்கள். ஓட்டுநரோடு கூட வருகிறவர்கள் அழுத்திக்கொண்டுதான் இருந்தார்கள். அழுத்துவதற்கு ஒரு காரணம் இருக்கும்வரை கை போகும். இங்கே காரணம், தூங்கினால் புள்ளியும் இடமும் போய்விடும் என்பது. அதை முதலில் எடுக்க வேண்டும். தலைவரும் நானும் இரண்டு மாலை உட்கார்ந்து யோசித்தோம். சர்வரில் மாற்ற வேண்டியதை அவள் மாற்றினாள்.

மறுபடி அனுமதி கிடைத்து நடந்த அடுத்த கூட்டத்துக்கும் போனேன். விளையாடவில்லை, வரிசைகளுக்கு நடுவில் நடந்துகொண்டிருந்தேன். ஒரு பெயர் மங்கியது. கொக்கு ஹெட்போனைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தவனின் தோளில் கையை வைத்தான்.

"டேய். பேசு."

"உசிரோடதான்டா இருக்கேன். கையை எடு."

கொக்கு உடனே கையை எடுக்கவில்லை. அவன் கண்ணைத் திறந்து பார்க்கும்வரை வைத்திருந்தான். பிறகுதான் தன் ஆட்டத்துக்குத் திரும்பினான்.

இப்போது அங்கே நடப்பது இதுதான். தூங்குகிறவரின் புள்ளியும் இடமும் போகாது. சர்வர் அவரை வெளியே தள்ளாமல் ஆட்டத்திலிருந்து ஓரமாக எடுத்து வைக்கும். அவரை மறுபடி உள்ளே கொண்டுவர மவுஸால் முடியாது, தலைவரின் மேசையிலிருந்து மட்டும்தான் முடியும். பெயர் மங்கினால் பக்கத்தில் இருப்பவர் ஆளைத் தொட வேண்டும், முகத்தைப் பார்க்க வேண்டும், வாயால் ஒரு பதில் வாங்க வேண்டும். தூக்கம் தொடர்ந்தால் ஒவ்வொரு மணி நேரமும் மறுபடி அதையே செய்ய வேண்டும். பதில் வராவிட்டால் கையைத் தூக்க வேண்டும்; கூடத்தின் விளக்குகள் எல்லாம் எரியும், அறுபது பேரின் ஆட்டமும் அந்த நொடியே நிற்கும்.